பதினோராவது எட்டு

காந்திபுரத்துக் கடையில் ஹக்கீம் பாய்
தீப்பெட்டி அளவில் இரண்டை எடுத்து வைத்தார்.
ஒன்று கறுப்பு. ஒன்று சாம்பல்.
வயர் கிடையாது, ஃபோனோடு பேசுவதெல்லாம்
ப்ளூடூத்தில்.
"ரெண்டையும் கொண்டுபோங்க மேடம், வேண்டாததை
வியாழனுக்குள்ள திருப்பிடுங்க.
கீறல் மட்டும் விழக்கூடாது."

குண்டடம் தாண்டி, காற்றாடி வரப்போகும்
மேட்டுக்காட்டில் அசையாத பொருளென்று
எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்:
சர்வே கல்.
அது இருக்கும் இடம் என் நோட்டில் இருக்கிறது,
ஆபீஸ் கொடுத்தது, ஆறு தசமம்.

காலை ஆறரைக்குக் கல்மேல் கைக்குட்டை விரித்து
இரண்டையும் வைத்தேன். ஃபோனும் இரண்டு,
ஒன்று டிரைவருடையது.
கறுப்பு முப்பத்தெட்டு நொடியில் வானத்தைப் பிடித்தது.
சாம்பலுக்கு இரண்டு நிமிஷத்துக்கு மேல்.
அதற்குள் ஒரு வெள்ளாடு வந்து
முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது.

பிறகு ஒரு மணி நேரம் வெள்ளவேல் நிழலில்.
கறுப்பு ஒரே புள்ளி.
ஆணி அடித்த மாதிரி.
சாம்பல் அலைந்தது.
அக்கட்டால மூன்று மீட்டர், இக்கட்டால இரண்டு.
கிழக்கே வேலியைத் தாண்டியது. ஒருமுறை
கிணற்றுக்குள்ளேயே போய்விட்டு வந்தது,
கல்லை விட்டு இறங்காமல்.

காட்டுக்காரர் அர்த்தநாரி வந்தார்.
பத்தடி தள்ளி அவர் தம்பி நல்லமுத்து.
பதினாலு வருஷமாய் இருவரும் பேசிக்கொள்வது
தாராபுரம் கோர்ட்டில் மட்டும், வக்கீல் வழியாக,
ஒன்றரை முழப் பொழியைப் பற்றி.
"ஏனுங்க அம்மிணி, இந்தப் பொட்டி என்னுங்க சொல்லுது?"
சாம்பல் அப்போது தம்பி பக்கம் போயிருந்தது.
திரையைக் கையால் மறைத்தேன்.
கையை எடுத்தபோது அண்ணன் பக்கம் வந்துவிட்டது.

"கருப்புதானுங்க நல்லது.
சொன்ன சொல்லு மாறாம நிக்குது" என்றார்.
தம்பியும் தலையாட்டினார்,
வேறெங்கோ பார்த்தபடி.
நானும் அப்படித்தான் நினைத்தேன்.
நோட்டில் கறுப்புக்கு டிக் போட்டேன்.

அப்புறம் சும்மாதான், கால் மரத்துப்போய்,
கறுப்பைக் கையிலெடுத்து நடந்தேன்
இட்டேரிப் பக்கம்,
நெருஞ்சிக்குப் பார்த்துப் பார்த்து.
ஒன்று. இரண்டு. ஐந்து.
புள்ளி கல்மேலேயே உட்கார்ந்திருந்தது.
ஏழு. வேலிச்சந்தில் கிளுவை முள் கையை இழுத்தது.
பதினோராவது எட்டில் நின்று
ஃபோனைத் தட்டிப் பார்த்தேன்.
இன்னும் கல்மேல்தான் இருக்கிறேனாம்.

ஆக, அது அசையாமல் இருந்ததில்லை.
மெதுவாக நகர்வது நகர்வே இல்லையென்று
உள்ளே யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள்,
கார் ஓட்டுகிறவர்களுக்காக,
சிக்னலில் நிற்கையில் படம் ஆடாமலிருக்க.
காட்டில் நடக்கிறவளை
அவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

சாம்பலை எடுத்துக்கொண்டு அதே தடத்தில் திரும்ப நடந்தேன்.
தள்ளாடித் தள்ளாடிக் கூடவே வந்தது.
ஓரடி பிந்தி, ஓரடி முந்தி,
புளியமரத்தடியில் சித்த நேரம் தொலைந்து,
மறுபடி என்னைக் கண்டுபிடித்து.

டிக்கை அடித்துவிட்டு எழுதினேன்:
சாம்பல். பிழை, சுற்றிலும் மூன்று மீட்டர்.
சார்ஜ் மதியம் இரண்டு வரை.
தகர ஷெட்டுக்குள் ஒன்றும் தெரியாது.
பஸ்ஸில் ஜன்னலோரம் வேண்டும்.

காற்றாடிக்கு மூன்று மீட்டர் ஒரு பிழையே இல்லை.
அண்ணன் தம்பி வழக்கு
நாலு முறை அதற்குள் அடங்கும்.
இதை நான் எழுதவில்லை.

கிளம்பும்போது நல்லமுத்து
வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்:
"அந்தக் கருப்ப என்னுங்க பண்ணுவீங்க?"
திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்றேன்.
"எத்தனைங்க வெலை?"

அர்த்தநாரி அதற்குள் கறுப்பைக் கையில் எடுத்து
வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.
"இதுல ஒரு கீறல் உழுந்திருக்குதுங்க அம்மிணி" என்றார்,
தம்பிக்குக் கேட்கிற மாதிரி.