ஒன்பதாம் பக்கம்

வூச் என்றால் எங்கள் மொழியில் படகு.
பெயருக்குத்தான்; ஆறென்று சொல்லிக்கொள்ள ஊரில் ஒன்றுமில்லை.
பழைய பஞ்சாலையின் மூன்றாம் மாடியில்
முட்டை அட்டை ஒட்டிய அறை,
ஒரு மைக், ஒரு மேசைவிளக்கு.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், ஹால்ஷ்கா.
முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை.

அப்போதெல்லாம் போலந்துத் தொலைக்காட்சியில்
வெளிநாட்டுத் தொடர் என்றால் ஒரே ஆள் வாசிப்பார்.
அடிப்பவனுக்கும் அவர் குரல், அழுபவளுக்கும் அவர் குரல்.
அசல் குரல்கள் பின்னால்
பக்கத்து வீட்டுச் சண்டைபோல மங்கலாய்க் கேட்கும்.
எங்களுக்கு வாய்த்தவர் போகுமில் செர்வின்ஸ்கி.
ரயில் நேரம் சொல்வதுபோல வாசிப்பார்.
கோட்டில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம்.

தொண்ணூற்று மூன்றின் பனியில்
உப்புவாயில் வந்து சேர்ந்தது, இருபத்தாறு நாடாக்கள்.
தன் நிழலை அடகு வைத்த அரசி ஓர்வெலா.
விளக்கைப் பார்க்கவே கூடாத தபால்கார விட்டில் பிக்கிட்
(இரவு வேலை; பாவம், எல்லா வீட்டிலும் விளக்கு).
வட்டிக் கணக்கிலேயே கொழுத்த ஆந்தை.
ஆந்தையின் நிலவறையில் அந்தக் கதவு:
யார் கேட்டாலும் பொய்தான் சொல்லும்,
மழை நாளில் மட்டும் மெய்.

ஐந்தாவது எபிசோடில் பிக்கிட்டின் இறக்கை கருகியது.
"எரியுது, ஓர்வெலா, எரியுது" என்பதை
ஆறு நாற்பது வண்டி மூன்றாம் பிளாட்பாரம்
என்கிற குரலில் வாசித்தார்.
அன்றிரவு என் மகள்
வீட்டில் ஒரு விளக்குப் போட விடவில்லை.

பதினேழில்தான் வந்தது வினை.
அரசி நிழலை மீட்டுவிடுகிறாள்.
நிழலோ காலடிக்கு வராமல்
எதிரே நின்று நான்கு விநாடி ஏதோ பேசுகிறது.
மொழிபெயர்ப்புக் கட்டில் எட்டுக்கு அடுத்து பத்து.
ஒன்பதாம் பக்கம் இல்லை.
மொழிபெயர்த்தவள் குதான்ஸ்க்கில், போன் எடுக்கவில்லை.
மறுநாள் ஒளிபரப்பு.
எங்கள் இருவரின் ஆங்கிலமும் நன்றி சொல்லும் அளவுக்கு மேல் போகாது.
நாடா ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தக் கை போனது.
போகுமில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்,
மைக்குக்கு ஒரு விரல் நெருங்கினார்,
"நீ இல்லாதபோதும்
உன் உயரமாகத்தான் இருந்தேன்" என்றார்.

முள் லேசாகத் துள்ளியது.
பதினொரு வருடத்தில் அந்த ஒரு முறைதான்.
மறுபடி எடுக்கலாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.
ஆறிய தேநீரைக் குடித்தார், பத்தாம் பக்கத்துக்கு வந்தார்,
ஆந்தை வட்டி கேட்டது.

பிறகு மூட்டை மூட்டையாகக் கடிதங்கள்.
பவூத்திச் சுவரொன்றில் யாரோ அந்த வரியைப்
பச்சைப் பெயின்டில் எழுதியிருந்தார்கள், இரண்டு பிழையோடு.
சுவாவ்கியில் ஒருத்தி கல்யாணப் பத்திரிகையில் போட்டாள்.
போகுமில் எதற்கும் பதில் எழுதவில்லை.
வேறு நிறப் பொத்தானும் ஒருநாள் விழுந்துவிட்டது.

இருபது வருடம் கழித்து என் மகள்,
இப்போது டப்ளினில் இருப்பவள்,
அசலைப் போட்டுக் காட்டினாள்.
நிழல் சொன்னது இவ்வளவுதான்:
"மழை வர்ற மாதிரி இருக்கு. உள்ளே போயிடலாம்."

விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம்தான் உறைத்தது.
பதினெட்டாவது எபிசோடு முழுக்க நிலவறையில் நடக்கிறது;
ஒரு ஜன்னல்கூட வரையவில்லை.
அங்கேதான் கதவு முதன்முதலாக உண்மை பேசும்.
மேலே மழை கொட்டுகிறதென்று
ஒரு தேசத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை.
கதவு திருந்திவிட்டது என்றே நம்பி வளர்ந்தார்கள்.
"அரசியைப் பார்த்ததும் அதுக்கு மனசு மாறிடுச்சும்மா" என்பாள் மகள்.
நான்கூட அப்படித்தான்.

இப்போது பதினொரு குரல்களில் புதிதாக வருகிறது.
கதவுக்குத் தனி நடிகர்; நன்றாகவே கரகரக்கிறார்.
மாடிவீட்டு ஷிமோன், ஏழு வயது,
என் சோபாவில் காலை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"கதவு ஏண்டா திடீரென்று நிஜம் பேசுது?" என்று கேட்டுப் பார்த்தேன்.
"மழை பெய்யுதில்ல" என்றான்,
வாயில் பிஸ்கட்டோடு.