முப்பத்தைந்தே முக்கால் பவுன்

வயிரவனுக்கு மூன்று நாளாய் வயிற்றால் போகிறது.
ஆஸ்திரேலியத் தாடி ஓணான்.
படிப்பை முடித்துப் போன நாக்பூர்ப் பையன்
இரண்டு மாத வாடகை பாக்கிக்குக்
கண்ணாடிப் பெட்டியோடு விட்டுப் போனது.
பெயர் மட்டும் நான் வைத்தேன்.

செக்காலை ரோட்டில் ஜெராக்ஸ் கடை எனக்கு.
மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
அவன் எச்சத்தை மாத்திரை டப்பாவில் அடைத்துக்கொண்டு
மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன்.
எனக்கு முன்னால் ஒரு சினைப்பசு, இரண்டு வெள்ளாடு,
கொம்படியில் காயத்தோடு மஞ்சுவிரட்டுக் காளை.
"உங்களுக்கு என்ன?"
டப்பாவை நீட்டினேன்.
காளைக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

டாக்டர் ரெஜினாமேரி சிரிக்கவில்லை.
கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு உப்புநீர்,
ஈர்க்குச்சி முனையில் எடுத்த எச்சம்.
என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார்.
முதலில் என் இமைமயிர்தான் தெரிந்தது.
பிறகு முட்டைகள்,
ஒரு பக்கம் சப்பையாய், ஊறிய வெள்ளரி விதைபோல்.
ஒன்றின் உள்ளே ஏதோ
புரண்டு படுத்தது.

"ஊசிப்புழு. நாலைந்து இருந்தால் அதுபாட்டுக்குக் கிடக்கும்.
இது திருவிழாக் கூட்டம்.
என்ன தீனி?"

பெருமையாகத்தான் சொன்னேன்:
தினம் சாயங்காலம் கண்மாய்க் கரையில்
கைலியை மடித்துக் கட்டி
நானே பிடிக்கிற வெட்டுக்கிளி.
மழையிலும் தவறியதில்லை.
"மண் எப்போது மாற்றினீர்கள்?"
பொங்கலுக்கு.
அன்றைக்கு ஆடி பதினெட்டு.
அவர் பேனாவை மூடி வைத்தார்.

மருந்து ஆட்டுக்குக் கொடுப்பதேதான்.
கிராம் தெரியாமல் துளி சொல்லமாட்டேன் என்றார்;
அங்கிருந்த தராசோ
கன்றுக்குட்டிக்குக் கீழே எதையும் மதிக்காது.

ஆகவே நகைக்கடை.
லெட்சுமணன் தட்டில், சிவப்பு வெல்வெட்டின் மேல்
வயிரவன்.
தாடி கறுத்தது. முள் இல்லாத தராசு
சிவப்பு எண்ணாய் நின்றது: இருநூற்று எண்பத்தாறு.
பழக்க தோஷம், கால்குலேட்டரைத் தட்டி
"முப்பத்தைந்தே முக்கால் பவுன், மாமா."
வளையல் பார்க்க வந்த ஒரு பெண்ணின் தாயார்
அவனை மேலும் கீழும் அளந்தார்,
சம்பந்தம் பேச வந்தவனைப்போல்.
வெல்வெட்டைத் துவைத்துப் போடுங்கள் என்றேன்,
கையைச் சோப்புப் போட்டு.
நான் அப்போதுதான் அப்படிச் சொல்லக் கற்றிருந்தேன்.

இப்போது பெட்டியில் மண் கிடையாது.
கோணலாய் விழுந்த ஜெராக்ஸ் தாள்களை விரிக்கிறேன்:
வெற்று விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை,
பத்தாம் வகுப்பு வினாத்தாள்.
எச்சம் விழுந்ததும் சுருட்டித் தீயில்.
ஏறி உட்காரும் கொய்யாக் கிளைக்குக் கொதிநீர், அப்புறம் வெயில்.
வளர்த்த பூச்சி மதுரையிலிருந்து பஸ்ஸில் வருகிறது,
டப்பா நூற்றெண்பது ரூபாய், கண்டக்டருக்கு இருபது.
ஜோடிக்கு ஒன்று தருகிறேன் என்றார் அதே ஆள்.
வந்தாலும் முதல் இரண்டு மாதம் தனி அறை,
தனித் தட்டு, அதன் டப்பாவும் ஆஸ்பத்திரிக்கு
என்றேன். பேச்சு நின்றது.

நேற்று மறுபடி நிறுத்தோம். முப்பத்தொன்பது.
புழு குறைந்திருக்கிறது; ஒழிந்துவிட்டதென்று
டாக்டர் எழுதித் தரவில்லை.

சாயங்காலமானால் கால் இன்னும் கண்மாய்ப் பக்கம் போகிறது.
முழங்காலில் மோதி விழும் வெட்டுக்கிளி மேல்
கை தானாகக் குவிகிறது.
பிறகு விரிக்கிறேன்.
அது போகாமல்
உள்ளங்கையிலேயே கொஞ்சநேரம் உட்கார்ந்திருக்கிறது.