குடியிருப்பவருடன்

விளம்பரத்தில் நான் எழுதியது:
மூன்று அறை, தகரக் கூரை, கடல் பார்த்த சமையலறை,
குடியிருப்பவருடன் விற்பனைக்கு.
அடுத்த வரி,
திரைச்சீலைக் கம்பிகளும் விலையில் அடக்கம்.
இரண்டும் அடுத்தடுத்து நிற்பதை
அலுவலகத்தில் யாரும் கவனிக்கவில்லை.

கெப்லவீக்கில் மார்ச்சுக் காற்று.
கார்க் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.
தோர்கில்ஸ் வாசலில் நின்றார்
இஸ்திரி போட்ட சட்டையில்.
பத்தொன்பது வருடம் அவர் வீடு.
போன அக்டோபரிலிருந்து வங்கி வீடு.
வாடகை மாதம் ஐந்தாம் தேதிக்குள்.

கடன் யென்னில் வாங்கியது.
வட்டி குறைவு என்றார்களாம்.
ஜப்பானை அவர் பார்த்ததில்லை;
போர்க்லிஃப்ட்டில் அவர் தூக்கி அடுக்கிய
சினைமீன் பெட்டிகள் பார்த்திருக்கும்.
குரோனா விழுந்த வருடம்
கட்டக் கட்டக் கடன் வளர்ந்தது.
பெட்டிகள் அதே எடையில்தான் இருந்தன.

முதலில் வந்த தம்பதி அவரைக் கண்டதும்
குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்,
உள்ளறையில் யாரோ நோயாளி தூங்குவதுபோல.
அடுத்து வந்தவன் என்னைக் கேட்டான்:
"இந்த ஆள் எப்போது போவார்?"
"ஆகஸ்ட் முடிய ஒப்பந்தம்" என்றார் தோர்கில்ஸ்
அவனுக்குக் காபி ஊற்றியபடி.
"பால் வேண்டுமா?"

குறையை மறைப்பது என் தொழில் இல்லை.
சொல்லும் வரிசையை மாற்றுவது என் தொழில்.
அவர் அந்த வரிசையைக் கலைத்துக்கொண்டே வந்தார்:
வடக்குச் சன்னல் கசியும்.
மேற்குக் காற்றடித்தால்
பின்கதவைக் கொஞ்சம் தூக்கித்தான் சாத்தவேண்டும்.
குளியலறை ஓடு நான் பதித்தது,
கோணலும் நான்தான்.

அவன் போனதும் கேட்டேன்,
ஏன் இதெல்லாம்?
"விற்கிறவன் நானில்லையே" என்றார்.

ஜனவரியில் வங்கிக்கு எழுதினாராம்:
சமையலறைக் குழாய் சொட்டுகிறது,
உரிமையாளர் ஆவன செய்யவும்.
ஆள் வந்தான். வால்வு எங்கே என்று தெரியவில்லை அவனுக்கு.
இவர்தான் காட்டினார், டார்ச்சும் பிடித்தார்.
ரசீதில் மட்டும் கையெழுத்துப் போடவில்லை;
அது உரிமையாளர் போடவேண்டியது.

மூன்றாவதாக சுன்னெவா, செவிலி, தனியாக வந்தாள்.
காலணியைக் கழற்றி
அவருடையதற்குப் பக்கத்தில் வைத்தாள்.
சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை, வாடகை எவ்வளவு என்று கேட்கவில்லை.
கராஜ் சுவரில்
பென்சிலால் போட்ட ஒரு சதுரத்தின் முன் நின்றாள்.
"இது?"
"சன்னல். வைப்பதாக இருந்தது."
கோடு மங்கியிருந்தது,
ஒரு மூலை மட்டும் யாரோ சமீபத்தில்
மறுபடி வரைந்ததுபோல் அழுத்தமாக.

"நான் வைக்கலாமா?"

அவர் உள்ளே போய் ஒப்பந்தத்தை எடுத்துவந்தார்.
கண்ணாடியை மாட்டிக்கொண்டு
விரல் வைத்துப் படித்தார்:
வேலைக்கு வருமுன் உரிமையாளர்
குடியிருப்பவருக்கு ஒரு நாள் முன்னதாகச் சொல்லவேண்டும்.
மடித்தார்.
"செவ்வாய் வேண்டாம்" என்றார் அவளிடம்.
"செவ்வாய்க்கிழமை எனக்கு ஷிஃப்ட்."

விலையைப் பற்றி நான்
இன்னும் வாயே திறக்கவில்லை.