கடல் மட்டம்

நுவரெலியாவில் பந்து சொன்ன இடத்தில் நிற்காது.
ஆறாயிரம் அடி உயரம், காற்றில் சத்தில்லை;
கொஞ்சம் ஓங்கினாலும் கோட்டைத் தாண்டி
சைப்பிரஸ் வேலிக்குள் போய் விழும்.
அதனால் நான் முதலில் பழகியது
அடிப்பதை அல்ல, அடக்குவதை.

பதினேழு வயதில் கொழும்பு.
அதே கை, அதே அடி.
பந்தோ ஈரத்துணி மாதிரி
வலையின் காலடியில் விழுந்தது.
மலைநாட்டுப் பிள்ளைக்குப் பலம் போதாது
என்று எழுதினார் தெரிவுக் குழுவில் ஒருவர்.
பலம் இல்லாமல் இல்லை ஐயா, அது காற்று.
யாரிடம் போய்ச் சொல்வது.

பிறகு ஒன்பது வருடம் கடல் மட்டம்தான்:
அண்டல்யா, மொனாஸ்டிர், ஷார்ம் எல் ஷேக்.
ஊருக்கெல்லாம் கடல் இருந்தது.
நான் பார்த்தது பேருந்து, தரை,
குளியலறைக் குழாயில் காயும் காலுறை.
முதல் சுற்றில் தோற்றால் நூற்று நாற்பத்தேழு டொலர்.
மட்டை நரம்பு அறுந்தால் நானே கட்டுவேன்,
பல்லால் இழுத்து.

சௌபாக்கியவதி என்ற பெயரை
ஒரு நடுவரும் முடித்ததில்லை.
சௌ என்று தொடங்கி, இருமி,
மிஸ் அங்கமுத்து என்று ஒதுங்கிவிடுவார்கள்.
நான் எடுத்த புள்ளியெல்லாம் அப்பா கணக்கில்.
அவர் மட்டையைத் தொட்டதே இல்லை;
கிளப்பில் கோட்டுக்குச் சுண்ணாம்பு கரைத்தவர்.

உச்சம் எழுநூற்றுப் பதினான்கு.
அடுத்த திங்கள் எழுநூற்று முப்பது.
சந்தோஷப்பட ஒரு வாரம் கிடைத்தது,
அதில் ஐந்து நாள் காய்ச்சல்.

முழங்கால் போனது இரட்டையர் ஆட்டத்தில்,
நாலுக்கு ஒன்று என்று
நாங்கள் முன்னால் நின்றபோது.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

திரும்பி வந்து இங்கே அடித்த முதல் பந்து
வேலியையும் தாண்டி வீதிக்குப் போனது.
ஓட்டோக்காரர் ஒருவர் இறங்கி எடுத்துத் தந்தார்.

இப்போது காலை ஆறரை, அதே தரை.
எதிரே நவரட்ணராஜா, வங்கி முகாமையாளர்,
இரண்டு சுவெட்டர், இரத்த அழுத்தம்,
யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர்.
கூடையில் எழுபது பந்து.
எதிராளி எட்டாத இடத்தைத் தேடியே
இருபது வருடம் அடித்தவள் நான்.
இன்றைக்கு அவர் இடுப்பு உயரத்துக்கு,
தோள் திரும்பி முடிகிற நேரத்துக்கு,
இரக்கம் தெரியாத ஒரு வேகத்தில்
எடுத்து வைக்கிறேன்.
இது அதைவிடக் கஷ்டம். ஒருவரும் நம்புவதில்லை.

"மிஸ், எல்லாம் வெளியிலை போகுது."

போகும்.
குறைத்து அடியுங்கள் என்று
நாக்கு நுனிவரை வந்தது.
அடுத்த சித்திரைக்குள் எப்படியும்
ஊருக்கு மாற்றம் வாங்கிவிடுவார்.
அங்கே காற்று கனம்.
ஓங்குகிற கையை இங்கே கட்டிவிட்டால்
அங்கே போய் அவர் என்ன செய்வார்.
வாயை மூடிக்கொண்டு
அடுத்த பந்தை எடுத்தேன்.

மூடுபனி இறங்கி
அந்தப் பக்கத்துக் கோட்டை எடுத்துக்கொண்டது.
அவர் முழு மூச்சோடு அடித்தார்.
எங்கே விழுந்தது என்று கண்ணுக்குத் தெரியவில்லை.
சைப்பிரஸுக்குள் ஏதோ சலசலத்தது.

"உள்ளே" என்றேன்.