பெயர் தெரியாத வயிற்றுக்கு

ஓர்ஹூஸ் நகரில் இன்னும் விடியாத ஜனவரி.
சைக்கிள் கேரியரில் நீலப் பெட்டி.
பெட்டிக்குள் பனிக்கட்டி, அதன் நடுவே
இன்று காலை என்னைவிட்டு இறங்கிய
எண்ணில் அடங்காத உயிர்கள்.
சிக்னலில் பக்கத்தில் நின்றவர் கேட்டார்:
“மீனா?”
“ஆமாம்” என்றேன். வேறென்ன சொல்ல.

நான் ஐவின், பஸ் ஓட்டுகிறவன்.
ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் வெறும் நாற்பத்தொன்று.
நீங்கள் யாரென்று
பெட்டியை வாங்கும் மெரெட்டே சொல்லமாட்டாள்.
ஒன்று மட்டும் சொன்னாள்:
மருந்துமேல் மருந்து போய்
உங்கள் குடல் ஆளொழிந்த தெருவாகிவிட்டதாம்.

நேற்றிரவு நான் தின்றது
கறுத்த ரை ரொட்டி, வதக்கிய லீக்ஸ், முட்டைக்கோஸ்.
மாவும் வெண்ணெயும் மேல்மாடியிலேயே கரைந்துபோயின.
நாரை அறுக்க என்னிடம் கத்தி இல்லை.
எனக்கு அது சக்கை.
கீழே இருட்டில் காத்திருந்தவர்களுக்கோ
அப்போதுதான் இலை போட்டார்கள்.

மெரெட்டே ஒருநாள் திரையில் காட்டினாள்,
பாக்டீரியா ஒன்றின் தோலை.
காலால் மிதித்தால் திறக்கும் குப்பைத்தொட்டி போல
அதில் ஒரு மூடி.
வெளியே நிற்கும் நொதி நாரைச் சற்றே நறுக்கும்;
துண்டு வந்து விழுந்ததும் மூடி சாத்திக்கொள்ளும்;
அடியில் ஒரு தக்கை அசைந்து வழிவிடும்.
மிச்ச அறுவையெல்லாம் உள்ளேதான்,
அண்டை அயல் எட்டிப் பார்க்காதபடி.

சுயநலம் என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்களாம்.
நான் சிரிக்கவில்லை.
மழையில் ஓடிவருகிறவரைக் கண்ணாடியில் பார்த்தபடியே
கதவைச் சாத்திய நிறுத்தங்கள்
எனக்கும் உண்டு.

எல்லாரும் அப்படியும் இல்லை, என்றாள்.
சிலர் சிந்திச் சிந்தித்தான் தின்பார்கள்.
கதவடைத்துத் தின்றவனும் கடைசியில்
புளித்த துளி ஒன்றை வெளியே விட்டாக வேண்டும்.
அதை எடுத்து இன்னொருவன் சமைக்கிறான்.
அவன் கழித்ததில்தான்
என் குடல்சுவர் பசியாறுகிறது.
எச்சில் என்று இதில் எதைத் தள்ள?

பூவோடு சேர்ந்தால் நாரும் மணக்குமாம்.
இந்த நார் எதனோடு சேர்ந்ததென்று
நீங்கள் கேட்கவேண்டாம்.

வருகிறவர்கள் பசியோடு வருவார்கள்.
கொஞ்சம் லீக்ஸ் வாங்கி வையுங்கள்.
ராத்திரி வயிறு கடமுடவென்றால் மணியடித்து நர்ஸை எழுப்பாதீர்கள்.
வெறும் காற்றுதான்.
உள்ளே யாரோ
அடுப்பு மூட்டியிருக்கிறார்கள்.