காலி வண்டியின் எடை

இரவு இரண்டு பத்து. கரூர் ரோட்டில்
கொப்பரை லாரி எதுவும் காணோம்.
மேடை காலி.
வெளியே போர்டில் சிவப்பு எண்
இருபது கிலோ என்கிறது.

ஆடிக்காத்துங்க, என்பான் பகல் ஷிப்ட் பொன்னுரங்கம்,
பாலக்காட்டுக் கணவாயில பூந்து வந்து
தகட்டை அமுக்குதுங்க.
இருக்கலாம்.
டார்ச்சோடு போய்க் குனிந்து பார்த்தேன்.
எண்ணெய்க் கசடு, கொஞ்சம் தேங்காய் நார்.
நாய் இல்லை, கல் இல்லை.
மேடையில் ஏறி நின்று திரும்பினால்
எழுபது.
நான் ஐம்பது. போன வாரம் ஆஸ்பத்திரியில் பார்த்தது.

சரக்கோடு வண்டி, சரக்கில்லாத வண்டி,
கழித்தால் சரக்கு.
இதற்குள் எத்தனை களவு பார்த்துவிட்டேன்!
டேங்க்கில் தண்ணீர்,
பாரத்தோடு வரும்போது இருந்து
காலியாய் வரும்போது காணாமல் போகும் ஸ்டெப்னி,
தார்ப்பாய்க்குள் படுத்திருக்கும் கிளீனர்.
கிளீனரைப் பிடித்துவிடலாம். இருமுவான்.

அந்தப் பெரிய கணக்கில்
இருமல்கூடக் கேட்கவில்லை.
பால்வெளியின் ஓரத்து நட்சத்திரங்கள்
வளைவில் எடுக்கிற வேகத்துக்கு
எப்போதோ ரோட்டை விட்டுச் சிதறியிருக்க வேண்டும்.
சிதறவில்லை.
ஏதோ பாரம் இழுத்துப் பிடித்திருக்கிறது.
தெரிகிற சரக்கு ஒரு மூட்டை என்றால்
தெரியாதது ஐந்து.
இந்த நிமிஷம் என் உள்ளங்கை வழியாக,
ஆறிப்போன டீ வழியாக
ரசீது போடாமல் போய்க்கொண்டிருக்கலாம்.

அதைவிட மோசம் காலி வண்டி.
ஒன்றுமே ஏற்றாத வெற்றிடத்துக்கும் எடை உண்டாம்.
காகிதத்தில் போட்ட விடைக்கும்
வானத்தில் அளந்த விடைக்கும் நடுவில்
ஒன்றுக்குப் பின்னால் நூற்றியிருபது சுழி.
இங்கே ஐம்பது கிலோ இடித்தால்
மில்லுக்காரர் சட்டையைப் பிடிப்பார்.
அங்கே காபி குடித்துவிட்டு
மறுபடி கணக்குப் போடுகிறார்கள்.
பொறாமையாக இருக்கிறது.

தூரத்தில் சிவன்மலை விளக்குகள்.
மேலே கண்ணாடிப் பெட்டிக்குள்
யார் கனவிலோ உத்தரவான பொருள் ஒன்று.
முதலில் பொருள்.
அதன் பொருள் பிறகுதான்.

இரண்டே முக்காலுக்கு ஹாரன்.
வெள்ளகோவில் நாச்சிமுத்து.
ஏற்றப் போனவர் போர்டைப் பார்த்து
பிரேக் போட்டுத் தலையை நீட்டினார்.
"ஏனுங், சும்மா கெடக்கறப்பவே இருவது காட்டுது,
அது யாரு கணக்குலீங் சேரும்?"

தெரியலைங்கண்ணா, என்றேன்.
இன்னும் யாருக்குமே, என்று வாய்வரை வந்தது.

சுழி பட்டனை அழுத்தினேன்.
போர்டில் நாலைந்து வட்டங்கள்.
லாரி ஏறியதும்
பதினாறாயிரத்து நானூற்றிப் பத்து.
சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
தேதி போட்டு இருபது என்று எழுதினேன்.
மேலே ஏற்கெனவே பதினோரு வரி இருக்கிறது.
அதில் நாலு,
ஓர் இலைகூட அசையாத மாசி ராத்திரிகள்.