மாத்திரைப் பை

வல்திவியாவிலிருந்து வந்தவள் இவானியா பர்ரியா.
என்னைவிடப் பதினேழு வயது இளையவள்.
ஆச்சாவோ மருத்துவமனைச் சாப்பாட்டறையில்
எங்கள் ஏழு பேருக்கு இரண்டு நாள் பாடம்:
வயதானவர்களைப் பார்ப்பது எப்படி.
இருபத்திரண்டு வருடமாய்ப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன் என்று
ஈரக் கோட்டை நாற்காலி முதுகில் விரித்தேன்.
தகரக் கூரையில் மழை.
சிலோயே தீவில் அது செய்தியல்ல.

ஆளுக்கொரு நோயாளியின் மாத்திரைகளைப்
பையோடு அப்படியே கொண்டுவரச் சொல்லியிருந்தாள்.
நான் கொண்டுபோனது எவரிஸ்தோ மன்சில்யாவுடையது.
எண்பத்தாறு வயது, படகு எஞ்சின் மெக்கானிக்,
சென்ற மாதம் விறகடுப்புக்குப் பக்கத்தில் விழுந்தவர்.
ரொட்டி வாங்கும் துணிப்பை.
அடியில் கொஞ்சம் மாத்திரைத் தூள்,
சீட்டுக்கட்டு சுற்றிய ரப்பர் வளையம் ஒன்று.

"நோய் வரிசையில் அடுக்காதீர்கள்,
எது முதலில் வந்ததோ அது முதலில்."

அடுக்கினேன்.
ரத்த அழுத்தத்துக்கு ஒன்று.
அதில் கணுக்கால் வீங்கியது;
வீக்கம் வடிய ஒன்று.
அது மூத்திரத்தை விரட்டியது;
விரட்டியதை நிறுத்திப் பிடிக்க ஒன்று.
அது குடலையும் பிடித்தது,
நினைவையும் பிடித்தது.
குடலுக்கு ஒன்று. நினைவுக்கு ஒன்று.
நினைவுக்குத் தந்தது மறுபடி மூத்திரத்தைத் திறந்துவிட,
இரவில் ஐந்து முறை எழுந்தவருக்குத்
தூங்குவதற்கு ஒன்று.
தூக்கக் கலக்கத்தில் நடந்து விழ,
இடுப்பு வலிக்கு ஒன்று.
வலி மாத்திரை அழுத்தத்தை ஏற்றியிருந்தது.
முதல் பெட்டியில் அளவு இரட்டிப்பு.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது சரி.
நான் ஒவ்வொரு பூதத்துக்கும்
புதுக் கிணறு வெட்டியிருக்கிறேன்.
ஏழு பெட்டி. ஏழிலும் என் கையெழுத்து,
தேதி போட்டு, முத்திரை குத்தி.

இவானியா ஒன்றும் சொல்லவில்லை.
சுண்ணக்கட்டியால் மேசைமேல் கோடிழுத்து
ஏழாவதை முதலாவதோடு சேர்த்தாள்.
பிறகு கேட்டாள்:
"'முதுமை காரணமாக' என்று எங்காவது எழுதினீர்களா?"
எழுதியிருந்தேன்.
நான்கு இடத்தில்.

மத்தியானம் நாற்காலியும் கடிகாரமும்.
எழு, மூன்று மீட்டர் நட, திரும்பு, வந்து உட்கார்.
செவிலி ஓர்த்தென்சியாவின் முட்டி சடசடத்தது, எல்லோரும் சிரித்தோம்.
எனக்கு ஒன்பது வினாடி.
திரும்பும்போதுதான் உறைத்தது:
இத்தனை வருடத்தில் ஒருவரும் நடந்து வருவதை
நான் பார்த்ததில்லை.
கணினியிலிருந்து தலை நிமிர்கையில்
எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள்.

வியாழக்கிழமைப் படகில் அவர் தீவுக்குப் போனேன்.
எவரிஸ்தோவுக்கு முப்பத்தொரு வினாடி,
அதில் பாதி, எழுவதற்கே.
அவள் எழுதிக் கொடுத்த கேள்வியை
மனப்பாடப் பையன் மாதிரி ஒப்பித்தேன்:
"உங்களுக்கு எது முக்கியம்?"
வலி என்பார், கால் என்பார் என்றிருந்தேன்.
"ட்ரூக்கோ" என்றார்.
சீட்டாட்டம். கூட்டாளிக்கு முகத்தாலேயே
கைச்சீட்டைச் சொல்ல வேண்டும்.
"சைகையெல்லாம் மறந்துபோகுது டாக்டர்.
ரூப்பெர்த்தா வேறு ஆள் தேடுறா."

ஒரு மாத்திரையை எழுத அரை நிமிடம்.
நிறுத்த மாதக்கணக்கு.
ஒவ்வொன்றாய், கால் கால் துண்டாய்.
தூக்க மாத்திரையில் நான் அவசரப்பட்டேன்;
இரண்டு இரவு கண் மூடாமல்
என்னைத் திட்டி ஆளனுப்பினார்.
திட்டு நியாயமானது, வழியைத் திருத்திக்கொண்டேன்.

இப்போது இரண்டு பெட்டி.
கணுக்காலில் எலும்பு தெரிகிறது.
பத்தொன்பது வினாடி.
இன்னமும் எனக்கு முந்தைய டாக்டரின்
பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.
அது மருந்தா, மூளையா, குறும்பா,
எனக்குத் தெரியாது. எழுதிவைக்கவில்லை.

போன ஞாயிறு அவர்கள் மேசையோரம் நின்றேன்.
எவரிஸ்தோவின் இடது புருவம்
மெல்ல ஏறி இறங்கியது.
எதிரே ரூப்பெர்த்தா சீட்டைப் பார்க்கவேயில்லை,
பந்தயத்தை ஏற்றினாள்.
எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.
சைகை எனக்கானதும் இல்லை.